இடப்பக்கத்துப் படுதா

என் மாமியார் ஜீப்பின் தலைமேல் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் ஜீப்புக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

சித்திரை வெயில். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் முழுதாக வெயில் விழுகிற ஒரே இடத்தில் அந்த ஜீப் நின்றது. மற்ற இடத்தை வேப்பமரம் பிடித்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்குப் போனால் மாடியில் குடியிருந்தவர்களின் துணிக்கொடி. ஆகவே ஜீப்பின் இரும்புக் கூரைமேல் பழைய வேஷ்டியை விரித்து, ஸ்டூல் போட்டு ஏறி, நாழியில் மாவை அடைத்து மாமியார் பிழிவார். "இந்த வண்டியால இந்த ஆத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டுன்னா அது இதுதான்" என்பார்.

நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களை மைதாப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, கதவுக்கு மேலே இருந்த இரும்புத் தகட்டின்மேல் வைத்து அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். வியர்வை பட்டுப் பசை இளகியது. பசை இளகியதும் தாள் நழுவியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒட்டினேன்.

"ஜயா, உள்ள உட்கார்ந்துண்டு என்னடி பண்றே?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"அளவு எடுக்கறேம்மா."

"வண்டிக்கு ரவிக்கை தைக்கறயா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

குடித்தனம் எங்கே?

போன வாரம் கல்யாணச் சத்திரத்தில் நாத்தனாரின் மோதிரம் காணாமல்போய் ஜாங்கிரி அண்டாவுக்குள் கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். "அப்புறம் குடித்தனம் எப்படி நடந்தது?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நடந்திருந்தால்தானே சொல்வதற்கு. குடித்தனம் நடத்த ஆசைப்பட்டு நான் ஒரு ஜீப்புக்குத் துணி தைத்த கதைதான் இந்த வாரம்.

என் கணவர் ரகு மின்கோபுரம் நடுகிற கம்பெனியில் என்ஜினியர். ஆந்திராவும் ஒரிசாவும் தொட்டுக்கொள்கிற மலைகளில் வேலை. மூன்று மாதத்துக்கொரு முறை வருவார். வந்த ஒரு வாரத்தில் பாதி நாள் தூங்குவார், மீதி நாள் அம்மாவுடன் டாக்டர், கோவில், உறவுக்காரர் வீடு என்று சுற்றுவார். எனக்குக் கிடைப்பது அவருடைய அழுக்குத் துணி மூட்டை. அந்தச் செம்மண் வாசனையைத்தான் நான் புருஷன் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாமியார் கெட்டவர் இல்லை. நாக்கு கொஞ்சம் நீளம், எனக்கும் அப்படித்தான், அதனால் பொழுது நன்றாகவே போயிற்று. ஆனால் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது அவரை இல்லையே.

"என்னையும் கூட்டிண்டு போங்கோ" என்று கேட்டபோதெல்லாம் ரகுவுக்கு ஜீப்தான் காரணம். அங்கே தங்க வீடு இருந்தது. ஆனால் ஊரிலிருந்து அந்த வீட்டுக்குப் போக மலைப்பாதை, அந்தப் பாதையில் போக இந்த ஜீப். "அந்த டப்பாக்குள்ள நீ ஒரு மணி நேரம் உட்கார மாட்டே, ஜயா. வெந்துடுவே."

அம்மாவைத் தனியாக விட முடியாது என்பதுதான் நிஜக் காரணம். அதை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மாமியாரும் கேட்டதில்லை. மூன்று பேரும் சேர்ந்து பழியை ஜீப்பின்மேல் போட்டோம்.

இரும்புப் பெட்டி

ராணுவம் ஏலம் விட்டுக் கைமாறி வந்த ஜீப் அது. முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ஹார்ட்டாப் போட்டிருந்தான். கூரை இரும்பு, பக்கவாட்டும் இரும்புத் தகடு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கோடையில் ஓட்டினால் கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மழையிலோ, தகடு சேருகிற இடமெல்லாம் ஒழுகும்.

ரகுவுக்கு இரும்புக் கூரை வேண்டும். அதன்மேல்தான் அவர் கயிறும் கருவிகளும் கட்டிக்கொண்டு போவார். பக்கங்கள் மட்டும் துணியாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடலாம், மழைக் காலத்தில் மாட்டலாம். இன்னொன்றும் சொன்னார். மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது, ஓரம் கட்ட இடமும் இருக்காது. அதனால் முன்பக்கத்துப் படுதா இரண்டும் மேலே சுருட்டி இருக்க வேண்டும், வண்டியை நிறுத்தாமல், ஸ்டீயரிங்கை விடாமல், ஒரு இழுப்பில் கீழே இறங்க வேண்டும்.

கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்களாம். "முழுசா படுதா போடு, இல்லாட்டி முழுசா இரும்பு போடு. பாதிக்குப் பாதியெல்லாம் கிடையாது" என்றார்களாம்.

என்ஜின் வேலைக்காக ஜீப்பைச் சென்னையில் விட்டுவிட்டு அந்தத் தடவை அவர் ரயிலில் திரும்பினார். சென்ட்ரலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"யாராவது அந்தப் படுதாவைத் தெச்சுத் தந்தா தேவலை" என்றார்.

"நான் தெச்சுத் தரேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "தெச்சுட்டா என்னைக் கூட்டிண்டு போவேளா?" என்றேன்.

ரயில் நகர்ந்தது. "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் காகிதம்

என் ரவிக்கையை நானே வெட்டிக்கொள்வேன். என் கல்யாண ரவிக்கையை தி. நகரில் ஒரு பெரிய தையல் கடையில் கொடுத்திருந்தோம், கை தூக்கினால் முதுகு கிழிகிற மாதிரி தைத்துக் கொடுத்தார்கள். மாலை மாற்றும்போது நான் கையை மார்போடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வெட்கமாவது! அன்றைக்கு எடுத்த சபதம், இனி என் உடம்புக்கு நான்தான் வெட்டுவேன் என்று.

முதலில் காகிதத்தில் வெட்டுவேன். அப்புறம் பழைய துணியில். கடைசியில்தான் நல்ல துணி. ஜீப்புக்கும் அதே முறைதான். செய்தித்தாள் சரியாக உட்கார்ந்ததும் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி ஊசிநூலால் ஓட்டுத்தையல் போட்டு மாட்டிப் பார்த்தேன். பூப்போட்ட பச்சை விரிப்பு. ஜீப் அதை உடுத்திக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தெருவில் போன தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார்.

பின்பக்கத்து இரண்டு படுதாவும் சுலபம், நேர் சதுரம். முன்பக்கம்தான் உயிரை வாங்கியது. கண்ணாடிச் சட்டம் சாய்வாக இருந்தது, கதவு வளைந்திருந்தது. ரவிக்கையில் தோள் இறங்குகிற இடத்தில் பிடிப்பு வைப்போமே, அதையே அங்கே வைத்தேன். உட்கார்ந்துகொண்டது.

டிங்கர் வந்து பக்கத் தகடுகளை வெட்டி எடுத்தார். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, கூரையைத் தாங்கியதே அந்தத் தகடுகள்தான். வடாம் பிழிய ஏறிய மாமியார் கையை ஊன்றினார், கூரை ஆடியது. "ஜயா, என்னைக் கொன்னுடாதேடி" என்றார். பக்கத்துக்கு ஒரு குழாயை நடுவில் நிறுத்தி வெல்டிங் வைத்தோம். அதுவரை வடாம் வேலை நின்றது. அந்தக் கோபம் சாம்பாரில் உப்பாக இறங்கியது.

அடுத்த தலைவலி மேல் விளிம்பு. கொக்கி வைத்தால் இரண்டு கொக்கிக்கு நடுவே துணி வாய் பிளந்தது, ஊற்றிப் பார்த்த தண்ணீர் உள்ளே வந்தது. வெல்க்ரோ வைத்தால் வெயிலில் பசை விட்டுப்போயிற்று. ஒரு நாள் காலை பாவாடை நாடா உள்ளே போய்விட, ஊக்கைக் கோத்து அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் இருந்திருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். லீவு என்பதால் யோசனை ஓடியது.

படுதாவின் மேல் விளிம்பை நாடா மடிப்பு மாதிரி மடித்து அதற்குள் கனமான கயிற்றைக் கோத்துத் தைத்துவிட்டால்? கடைகளில் ஷோகேஸ் கண்ணாடி ஓடுகிற அலுமினியச் சட்டம் இருக்கிறதே, அதைக் கூரையின் ஓரத்தில் திருகி, அதன் வாயைக் கொஞ்சம் குறுக்கிவிட்டால்? ஒரு முனையிலிருந்து கயிற்று விளிம்பை உள்ளே நுழைத்து இழுத்தால் ஓடிவிடும். கீழ்நோக்கி இழுத்தால் வராது. கழற்ற வேண்டுமென்றால் வந்த வழியே உருவிவிடலாம். தண்ணீர் நுழைய இடமே இல்லை.

அலுமினியச் சட்டம் வாங்கி வந்து மாட்டினேன். விரிப்பு சரசரவென்று ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன்.

"பாவாடை நாடாவா? இதை நாலு பேர்கிட்ட சொல்லிண்டு திரியாதே" என்றார்.

டிசைனர் தாஸ்

கான்வாஸைத் தைக்க வீட்டு மிஷினால் ஆகாது. சிந்தாதிரிப்பேட்டையில் சீட் கவர் தைக்கிற தாஸைப் பிடித்தேன். கூவத்தின் வாசனை தாராளமாக வரும் ஒரு சந்தில் கடை. எதைக் கேட்டாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

"இன்னா டீச்சரம்மா, பேப்பர்லாம் எத்துக்கினு வந்துகீறே? நம்ம கையில அளவு கீது. வண்டிய ஒருவாட்டி பாத்தா போதும்."

"பேப்பர்படி வெட்டுங்க."

"வெட்றேன். ஆனா சுத்தி மெரூன் கலர்ல பைப்பிங் வச்சா சோக்கா இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கழுகு போட்டுடலாம்."

"கழுகெல்லாம் வேண்டாம்."

"நீ டீச்சர், உனுக்குத் தெரியாது. டிசைனர் தாஸுன்னு கேட்டுப் பாரு."

ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட். சீட் கவருக்குப் போடுகிற பொடித் தையலை அதிலும் போட்டார் தாஸ். மாட்டி ஒரு தடவை சுருட்டினோம். தபால் தலை கிழிகிற மாதிரி ஓட்டைகளின் வரிசையிலேயே நேராகக் கிழிந்து கையோடு வந்தது. தாஸ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பிளாஸ்டிக் சரியில்ல" என்றார். நான் தையலை அகலமாகப் போட்டு, இரண்டு பக்கமும் நாடா வைக்கச் சொன்னேன். "அத்தத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். அப்படிப்பட்ட மனுஷரோடு சண்டை போட முடியாது. மெரூன் பைப்பிங்கை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

கடைசி வேலை, படுதாவை இழுத்து இறக்குகிற பட்டை. வலப்பக்கம் ஓட்டுபவர் உட்காருகிற இடம். ரகுவின் உயரத்தைக் கணக்குப் பண்ணி, அவர் வலது கை இயல்பாகப் போகிற இடத்தில் குறி போட்டேன். சுருட்டிய படுதாவை அந்தப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வெடுக்கில் அழுத்துப் பட்டன் விடும், கீழ் மடிப்பில் கோத்த இரும்புக் கம்பியின் கனத்தில் படுதா விழும், கம்பி கதவிலிருக்கும் கொக்கிகளில் போய் உட்காரும்.

பிறகு இடப்பக்கம். நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் இடது கையைத் தூக்கினேன். தோளுக்கு மேலே விரல் பட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

அளவு எடுத்து முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஸ்டீயரிங். அதில் கறுப்பு தேய்ந்து வெளுத்த இரண்டு இடங்கள், அவர் பிடிக்கிற இடங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு அதில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. அந்த மனுஷனுக்காக என் மனது அப்படி ஏங்கியது.

அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததெல்லாம் அளவெடுக்கத்தான். வண்டி ஓடும்போது அது மாமியாரின் இடம். கோவிலுக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் பெரியவர் முன்னால், நான் பின்னால் பக்கவாட்டுப் பலகையில், முழங்காலில் பூக்கூடையோடு. எங்கள் வீட்டில் அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. இரண்டாவது தடவை யோசிக்காமல் அவர் முன்னால் ஏறுவார், நான் பின்னால் ஏறுவேன்.

வெள்ளோட்டம்

ஆனியில் ரகு வந்தார். வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். கூரையை ஆட்டிப் பார்த்தார். சட்டத்துக்குள் கயிறு ஓடுகிற இடத்தில் விரலை வைத்து நெருடினார். நல்லாயிருக்கு என்று சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு இல்லை. "இதை யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"பாவாடை" என்றார் மாமியார்.

பின்பக்கத்துப் படுதாக்களைக் கழற்றி, முன்பக்கத்து இரண்டை மட்டும் மேலே சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். மாமியார் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். சாந்தோம் வழியாக அடையாறு பாலத்துக்கு வந்தோம். நான்கு பக்கமும் காற்று. ஆற்றின் சேற்று வாசனையும் கடலின் உப்பும் சேர்ந்து வந்தன. இரும்புப் பெட்டியாக இருந்த அந்த ஜீப் மூச்சு விட்டது. என் தலைமுடி முழுக்க வாய்க்குள் போயிற்று, நான் சந்தோஷமாக இருந்தேன்.

பாலத்தின் நடுவில் ரகு, "அம்மா, இப்போ மழைன்னு வெச்சுக்கோ" என்றார். தன் பக்கத்துப் பட்டையை இழுத்தார். படுதா தொப்பென்று விழுந்து உட்கார்ந்தது. மாமியார் தன் பக்கத்துப் பட்டையை இழுத்தார். அதுவும் விழுந்தது. என் கைக்கு வைத்த பட்டை, அவருக்கும் எட்டியது.

"பாத்தியா, நான் இறக்கிட்டேன்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ அவரே தைத்த மாதிரி.

ரகு இடப்பக்கத்துப் படுதாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார்.

அன்று சாயங்காலம், மாமியார் விளக்கேற்றப் போன நேரம், ரகுவிடம் கேட்டேன். "தெச்சுட்டேன்."

"ம். பிரமாதமா வந்திருக்கு."

அவர் பாராட்டினார். நான் அதற்காகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். கூடத்துப் பக்கம் பார்த்தார். "இந்த மழை முடியட்டும், ஜயா."

மறுநாள் ராகு காலம் கழிந்து கிளம்பினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. இடப்பக்க சீட்டில் தண்ணீர்க் கூஜாவை வைத்து, விழாமல் இருக்கத் துண்டைச் சுற்றியிருந்தார். எனக்கு அந்தக் கூஜாவின்மேல் வந்த பொறாமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். காம்பவுண்டில் ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வடாம் காயப்போட இடமில்லை என்று மாமியார் புலம்பினார். எனக்கும் புலம்ப ஆசைதான், காரணம் சொல்ல முடியாது.

கை எட்டாத தூரம்

அந்த வருஷம் சென்னையில் முதல் மழை ஒரு மாலையில் இடியோடு வந்தது. சமையலறை ஜன்னலில் சாரல் அடித்தது. நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கினேன். அங்கே பட்டை இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ரகு உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கத்துப் பட்டை அந்தக் கோடியில், என் தோளுக்கு மேலே. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் என்ன நீட்டினாலும் எட்டாது. அவர் தனியாக ஓட்டுகிறவர். எனக்குத் தெரியாத விஷயமா? அந்த சீட்டில் நான் இருப்பேன் என்று என் மனது முடிவு கட்டிவிட்டது, கையும் அதன்படியே குறி போட்டுவிட்டது. கணக்கு டீச்சருக்கு வந்த கணக்கைப் பாருங்கள்.

இப்போது என் மகள் ஓட்டுகிற காரில் நாலு கண்ணாடியும் ஓட்டுபவரின் விரல் நுனியில். யாருக்காகவும் யாரும் கை நீட்ட வேண்டாம். ரகு போன பிறகான இந்த வருஷங்களில், அடையாறு பக்கம் போகும்போது தூறல் விழுந்தால் என் இடது கை தானாக மேலே போகும். மகள் கவனிக்கிறாள், கேட்பதில்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன். தவறு தெரிந்ததும் திருத்தமும் தெரிந்துவிட்டது. பட்டையில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, கூரையின் உட்பக்கம் இரண்டு வளையத்தில் கோத்து, அவர் தலைக்கு மேலே கொண்டுவந்து தொங்க விட்டால் தீர்ந்தது. அவரே இரண்டையும் இறக்கலாம். சின்ன வேலை.

ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அந்த சீட்டில் யாரும் தேவையில்லை. என் இடத்தை நானே கயிறு போட்டு மூடின மாதிரி ஆகிவிடும். அந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மேகம் கறுத்தால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன், மலையில் அவர் நனைகிறாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மலையிலிருந்து இறங்கி பூத்திலிருந்து ஃபோன் செய்வார். முதலில் மாமியார் பேசுவார், மிச்சம் எனக்கு.

"ஏன்னா, இடப்பக்கத்துப் படுதாவை எப்படி இறக்கறேள்?"

"இறக்கறதில்ல."

"சீட் நனையுமே?"

"நனையறது."

கயிற்றையும் வளையத்தையும் விளக்கினேன். எங்கே முடிச்சு, எவ்வளவு தொங்கல், எல்லாம் சொன்னேன். வகுப்பில் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. சாப்பிட்டியா?"

ஃபோனை வைத்துவிட்டுக் குளிக்கிற அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மாமியார், "இவ்வளவு தண்ணி எதுக்கு?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் நான் படுதாவைப் பற்றிப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. கொலு வைத்தோம், எடுத்தோம்.

ஈரம்

ஐப்பசியில் வந்தார். இங்கே அடைமழை. கேட்டைத் திறந்ததும் ஜீப் செம்மண் பூசிக்கொண்டு உள்ளே வந்தது. வலப்பக்கத்துப் படுதா இறங்கியிருந்தது. இடப்பக்கத்துப் படுதா சுருட்டியபடி மேலேயே இருந்தது.

நான் குடையோடு ஓடி, முதலில் கூரையின் உட்பக்கத்தைப் பார்த்தேன். கயிறு இல்லை. வளையம் இல்லை. சீட்டைப் பார்த்தேன். ஊறிப் போயிருந்தது. தையல் ஓரமெல்லாம் பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. நாற்றம் வேறு.

"கயிறு கட்டலையா?"

"இல்ல."

"தையல்காரன் கிடைக்கலையா?"

"கிடைச்சான். அவனே கேட்டான். வேண்டாம்னுட்டேன்." ஷூவின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். "அது எட்டாதுன்னு அடையாறு பாலத்துலயே பாத்துட்டேன்."

"அப்போவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ மாத்திடுவே." ஷூ கழன்றது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அது ஒன் பக்கம், ஜயா. அதுல எதுக்கு என் கயிறு?"

ஒரு மழைக்காலம் முழுக்க இந்த மனுஷன் பக்கத்து சீட்டை நனையவிட்டுக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்.

மாமியார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஜீப்பின் அருகே நின்றார். தன் இடமான அந்த சீட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். தண்ணீர் சுரந்து விரலைச் சுற்றி நின்றது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"ரகு, இது காயாது."

"வெயில்ல வெச்சா காயும்மா."

"ஐப்பசில வெயிலுக்கு எங்க போறது? ஆள் உட்கார்ந்தாத்தான் காயும்." விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நான் இதுல உட்கார மாட்டேன், எனக்கு முதுகு பிடிச்சுக்கும். ஜயா, பள்ளிக்கூடத்துல லீவு சொல்லு."

"நீ தனியா எப்படிம்மா?" என்றார் ரகு. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"தி. நகர்லேர்ந்து பட்டு வந்து இருக்கேன்னு எத்தனையோ நாளா சொல்லிண்டிருக்கா. அவ சமையலை வாயில வெக்க முடியாதேன்னு நான்தான் தள்ளிப் போட்டுண்டிருந்தேன். பரவாயில்ல, நாக்கைக் கட்டிண்டு இருக்கேன்." பட்டு அவருடைய தங்கை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பிய காலை

விடுமுறை முடிந்து கிளம்பிய அன்று வானம் மூடியிருந்தது. பட்டுச் சித்தி வாசலில் நின்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் ஜீப்பின் பின்பக்கம் போய்க் கால் வைத்தேன்.

"எங்க போறே?" என்றார் மாமியார்.

முன்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் ஒரு கத்தைப் பழைய செய்தித்தாள். "போட்டுண்டு உட்காரு. புடவை பாழாயிடும்."

வாங்கிக்கொண்டேன். அவரை நமஸ்காரம் பண்ணினேன். அவர் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே வடாம், அந்தக் கோடையில் அந்தக் கூரைமேல் காய்ந்தது. "வறுத்துக் குடு அவனுக்கு" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கும் உடைந்தது. அத்தனை நாள் எப்போது போவோம் என்று காத்திருந்த எனக்கு, கேட்டைத் தாண்டும்போது அங்கே தள்ளி நின்ற அவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

செங்குன்றம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரகு தன் பக்கத்துப் பட்டையை இழுத்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஜயா" என்றார்.

இடது கையைத் தூக்கினேன். சாக்பீஸ் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. பட்டை அங்கேயே இருந்தது. இழுத்தேன். படுதா விழுந்து கொக்கியில் உட்கார்ந்தது. வெளியே மழை, உள்ளே நாங்கள் இரண்டு பேர்.

"சீட் ரொம்ப ஈரமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன்.

செய்தித்தாள் என் மடியிலேயே மடித்தபடி இருந்தது. சூலூர்பேட்டை தாண்டும்வரை புடவை காயவில்லை.